ரத்த வங்கி இல்லைங்க, தையல் கடை

தையலக்கா: வணக்கம் தம்பி, நல்லா இருக்கேன். ஆனா இது ரத்த வங்கி இல்ல. தையல் கடை.

தம்பி: தையல் கடையா... ஆஸ்பத்திரி வெப்சைட்டுல ரத்த வங்கின்னு இந்த நம்பர்தானே போட்டிருக்கு?

தையலக்கா: போட்டிருக்கும். கடைசி ரெண்டு எண்ணை இடம் மாத்திப் போட்டுட்டாங்க. முப்பத்தாறுன்னு முடியணும். அறுபத்து மூணுன்னு முடியுது. அறுபத்து மூணு நான்.

தம்பி: ஓ...

தையலக்கா: யாருக்கு ரத்தம் வேணும்?

தம்பி: அது... ஒரு நண்பருக்கு.

தையலக்கா: என்ன வகை?

தம்பி: பி... பாசிட்டிவ்னு நினைக்கிறேன்.

தையலக்கா: நினைக்கிறீங்களா?

தம்பி: இல்ல, பாசிட்டிவ்தான்.

தையலக்கா: அவசரமா?

தம்பி: அவசரம்னு... அப்படி ஒண்ணும் இல்ல.

தையலக்கா: நல்லதாப் போச்சு. அப்போ ரெண்டு வார்த்தை பேசலாம்.

நாத்தனார்: அண்ணி, இந்தச் சீருடைச் சட்டைக்கு எத்தனை பொத்தான்? யாரு போன்ல, ரத்தமா?

தையலக்கா: ஆமா, ரத்தம்தான். ஆறு வை... தம்பி, அது என் நாத்தனார். வீட்டுக்காரரோட தங்கச்சி. தைக்கறது நான், காஜா எடுத்துப் பொத்தான் வைக்கறது அவ. வாய் மட்டும் ரெண்டு பேருக்கும் பொது, அதான் போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்.

தம்பி: தினமும் இப்படி வருமா... ரத்தம் கேட்டு?

தையலக்கா: வராத நாள்ல, போன் செத்துப்போச்சோன்னு எடுத்துப் பாப்போம்.

நாத்தனார்: துணி தைக்கக் கூப்பிடறவங்களை விட இவங்கதான் ஜாஸ்தி. போன வாரம் ஒருத்தர் எடுத்ததும் 'ரெண்டு வேணும், சீக்கிரம்'னாரு. நான் துணி நீங்க தருவீங்களா, நாங்க எடுக்கணுமான்னு கேட்டுட்டேன்.

தம்பி: ஹ... மன்னிக்கணும், சிரிச்சுட்டேன்.

தையலக்கா: சிரிங்க. அவரும் சிரிச்சாரு. அவங்க அம்மாவுக்கு ஆபரேஷனாம். அந்த வாரம் பூரா அவரு சிரிச்சது அது ஒண்ணுதானாம். அம்மா வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னாரு.

நாத்தனார்: ரெண்டு சட்டை தைக்கவும் கொடுத்தாரு. அதையும் சொல்லுங்க.

தம்பி: தப்பா இருக்குன்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லலையா நீங்க?

நாத்தனார்: கேள்வியைப் பாருங்க அண்ணி.

தையலக்கா: சொல்லாம இருப்பேனா? அந்த வெப்சைட்டுலயே கீழ ஒரு பெட்டி வச்சிருக்காங்க. 'பிழை கண்டால் தெரிவிக்கவும்.' அதுல எழுதி அனுப்பினா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பதில் வந்துடும். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.'

தம்பி: அப்புறம்?

தையலக்கா: அப்புறம் ஒண்ணும் இல்ல. திரும்ப எழுதினேன். திரும்ப முக்கியம்.

நாத்தனார்: முக்கியம்னு சொன்ன வாய், முக்கி முனகிக்கூட வேற பதில் சொல்லல.

தம்பி: நேர்ல போயிருக்கலாமே...

தையலக்கா: போனேனே. வாசல்ல இருக்கறவர் விசாரணைக்குப் போங்கன்னாரு. விசாரணையில ரத்த வங்கிக்குப் போங்கன்னாங்க. ரத்த வங்கியில ஒரு பொண்ணு, 'எங்க நம்பர் எங்களுக்குத் தெரியும்மா, வெப்சைட் எங்க வேலை இல்ல, அது கம்ப்யூட்டர்காரங்க வேலை'ன்னுச்சு. சரி, கம்ப்யூட்டர்காரங்க எங்க இருக்காங்கன்னு கேட்டேன். 'வெப்சைட்டுல ஒரு பெட்டி இருக்கும், அதுல எழுதுங்க'ன்னுச்சு.

நாத்தனார்: செக்குமாடு கணக்கா ஒரு சுத்து சுத்திட்டு வந்து சேர்ந்தாங்க. வந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல, போன் அடிக்குது. ரத்தம்.

தம்பி: உங்க நம்பரை மாத்திடலாம்னு தோணலையாக்கா?

தையலக்கா: தோணிச்சு தம்பி. பொய் சொல்வானேன். ஒரு நாள் புது நம்பர் வாங்கக் கடை வரைக்கும் போனேன். போற வழியில யோசிச்சேன். நான் மாத்திட்டா கூப்பிடறவங்களுக்கு என்ன கேக்கும்? 'இந்த எண் உபயோகத்தில் இல்லை.' ஒரு கையில டாக்டர் சீட்டு, இன்னொரு கையில போனோட நிக்கறவங்ககிட்ட ஒரு மெஷின் அதைச் சொல்லணுமா? அதுக்கு நானே சொல்லிட்டுப் போறேன். 'தையல் கடைங்க, பதறாதீங்க, எழுதிக்கங்க, கடைசியில முப்பத்தாறு.' தம்பி, இருக்கீங்களா?

தம்பி: இருக்கேங்க்கா. சொல்லுங்க.

தையலக்கா: ஒண்ணு தெரியுமா? யாருமே படிக்கலைன்னு தெரிஞ்சதும் எனக்குத் தைரியம் வந்துடுச்சு. அந்தப் பெட்டியில மனசுல பட்டதெல்லாம் எழுத ஆரம்பிச்சுட்டேன்.

நாத்தனார்: என்னன்னு எழுதினீங்க?

தையலக்கா: நீ பொத்தானைப் பாரு.

நாத்தனார்: இல்ல அண்ணி, என்னன்னு...

தையலக்கா: இரு இரு, இன்னொரு போன் வருது. தம்பி, அதைப் பேசிட்டு வந்துடறேன். வச்சிடாதீங்க. தயவுசெஞ்சு வச்சிடாதீங்க.

தம்பி: வைக்கல.

தையலக்கா: ...தம்பி. இருக்கீங்கல்ல?

தம்பி: இருக்கேன். என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?

தையலக்கா: ஒரு பொண்ணு. சின்னப் பொண்ணு போல. அதோட அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கு, ரத்தம் நிக்கலையாம். ஓ நெகட்டிவ். அங்க கைவசம் இருந்தது தீர்ந்துபோச்சாம். கொஞ்சம் முன்னாடியே ஒரு தடவை கூப்பிட்டுச்சு, சரியான நம்பரைக் கொடுத்தேன். அதுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்திருக்கு. எப்ப அடிச்சாலும் பிஸி. எடுக்கற நம்பர் இது ஒண்ணுதானேன்னு திரும்ப எனக்கே கூப்பிடுது.

நாத்தனார்: நானும் அடிச்சுப் பாக்கறேன்... ஆமா அண்ணி. பிஸிதான்.

தையலக்கா: என்ன பண்ணலாம் தம்பி?

நாத்தனார்: அவரைப் போய் ஏன் கேக்கறீங்க? அவரே பாவம் நண்பருக்கு அலையறாரு.

தையலக்கா: நீ சும்மா இரு. தம்பி... சொல்லுங்க. என்ன பண்ணலாம்?

தம்பி: ...எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்க?

தையலக்கா: பாலத்துக்கு அந்தப் பக்கம், பிரசவ ஆஸ்பத்திரி. எட்டாம் நம்பர் படுக்கை.

தம்பி: சரி. நான் கீழ போய்ச் சொல்லிடறேன்.

நாத்தனார்: கீழயா? எங்க கீழ?

தம்பி: ரத்த வங்கியில. எனக்கு... ரெண்டு மாடி கீழ.

தையலக்கா: ஓடுங்க தம்பி.

நாத்தனார்: அண்ணி, யாரு இவரு?

தையலக்கா: அதை அப்புறம் கேளு. உன் போனை எடு, அந்தப் பொண்ணைக் கூப்பிடு. நம்பர் இந்தா.

தம்பி: லைன்லயே இருங்க, படியில இறங்கறேன்... லிப்ட் வர நேரமாகும்...

நாத்தனார்: ஹலோ, பாப்பா? தையல் கடையிலேர்ந்துதான்மா. ரத்த வங்கிக்கு ஒருத்தர் நேர்லயே போறாரு... யாருன்னு எனக்கும் தெரியல. ஆனா ஓடறாரு. மூச்சு வாங்கறது இங்க வரைக்கும் கேக்குது.

தம்பி: சிஸ்டர்... ஓ நெகட்டிவ் இருக்கா? பிரசவ ஆஸ்பத்திரி, எட்டாம் படுக்கை. ரத்தம் நிக்கலையாம்... இல்ல சிஸ்டர், எனக்குச் சொந்தம் இல்ல... போன்ல சொன்னாங்க... இங்க அடிச்சா பிஸின்னு வருதாம்... சிஸ்டர், அந்த போனைப் பாருங்க. ரிசீவர் சரியா உக்காரவே இல்ல.

நாத்தனார்: என்ன அண்ணி சொல்றாரு?

தையலக்கா: ஷ்...

தம்பி: அக்கா, இருக்கு. ரெண்டு பை இருக்கு. தனியா எடுத்து வச்சுட்டாங்க. டாக்டர் சீட்டும், பரிசோதிக்க அவங்க அக்கா ரத்தம் கொஞ்சமும் எடுத்துட்டு ஒருத்தர் வந்தா போதும். அந்த ஆஸ்பத்திரிக்கும் சிஸ்டர் இப்பவே பேசறாங்க. பின்வாசல் வழியா வரச் சொல்லுங்க, அதுதான் கிட்ட.

நாத்தனார்: பாப்பா, கேளு. இருக்காம். ரெண்டு பை... ஆமாம்மா, உனக்குன்னே எடுத்து வச்சிருக்காங்க. சீட்டு, அக்கா ரத்தம், ரெண்டும் நர்ஸ்கிட்டக் கேட்டு வாங்கிக்க. அழாத. அழுதா வழி தெரியாது. அப்பாவை வண்டியை எடுக்கச் சொல்லு... பின்வாசல். போ.

தம்பி: புரிஞ்சுதாமா அவங்களுக்கு?

நாத்தனார்: கிளம்பிட்டாங்க. இப்ப நீங்க சொல்லுங்க சார். யாரு நீங்க?

தம்பி: நான்... இந்த வெப்சைட்டைப் பாத்துக்கறவன்.

நாத்தனார்: அந்தக் கம்ப்யூட்டர்காரங்களா?

தம்பி: காரங்க இல்லீங்க. ஒருத்தன்தான். ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்துல ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்காங்க. வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. பெட்டியில எழுதறதெல்லாம் எனக்கு முன்னாடி இருந்தவர் மெயிலுக்குப் போயிட்டு இருந்திருக்கு. அவர் வேலையை விட்டுப் போயே பல மாசமாச்சு. நேத்துதான் தற்செயலா அதைத் திறந்தேன்.

நாத்தனார்: அப்போ அந்த நண்பரு? பி பாசிட்டிவ்?

தம்பி: அது நான்தான். கேட்டதும் வேற எந்த வகையும் வாயில வரல.

நாத்தனார்: சொந்த ரத்தத்தையா சார் 'நினைக்கிறேன்'னீங்க?

தம்பி: பொய் சொல்லிப் பழக்கம் இல்லீங்க. யாருன்னு முதல்லயே சொன்னா திட்டிட்டு வச்சிடுவீங்கன்னு பயம். எங்க அதிகாரி வேற, 'நம்பர் நிஜமாவே தப்பான்னு உறுதி பண்ணிட்டு மாத்து'ன்னு சொல்லியிருந்தாரு. சரி, கூப்பிடறவங்களுக்கு என்ன ஆகுதுன்னு என் காதால கேட்டுடலாம்னு...

தையலக்கா: எழுதினதை எல்லாம் படிச்சீங்களா?

தம்பி: ஒண்ணு விடாம. நேத்து மதியம் சாப்பிடப் போகவே மறந்துட்டேன். மழையில கடை ஒழுகினது... துணி வெட்டற கத்திரி காணாமப் போயி, கடைசியில நீங்க அது மேலயே உக்காந்திருந்தது... நாத்தனாருக்கு வரன் பாத்தது...

நாத்தனார்: அண்ணி.

தையலக்கா: யாரும் படிக்கலைன்னு நினைச்சேன்டி.

நாத்தனார்: என் வரனுக்கும் ரத்த வங்கிக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?

தம்பி: மூக்கு நீளம்னு அவரை வேண்டாம்னு சொன்னீங்களாமே...

நாத்தனார்: மூக்குக்காக இல்ல சார். அது அண்ணி சொந்தச் சரக்கு. நான் பேசும்போது அந்த ஆள் கேக்கவே இல்ல. போனைப் பாத்துட்டே 'உம்'னாரு. நடுவுல வேணும்னே எங்க வீட்டுல பத்து யானை இருக்குன்னு சொன்னேன். அதுக்கும் 'உம்'.

தையலக்கா: இதை நீ என்கிட்டச் சொல்லவே இல்லையே.

நாத்தனார்: சொன்னா பெட்டியில எழுதிடுவீங்களே.

தம்பி: இருங்க, மேல வந்துட்டேன். உக்காந்துக்கறேன்... நம்பரை மாத்தறேன்... மாத்திட்டேன். இப்பப் பாருங்க.

நாத்தனார்: என் போன்ல பாக்கறேன்... அறுபத்து மூணு.

தம்பி: ஒரு தடவை மூடிட்டுத் திறங்க.

நாத்தனார்: மூடிட்டேன். திறந்துட்டேன். அறுபத்து மூணு.

தம்பி: அப்படியா... எந்த இடத்துல பாக்கறீங்க?

நாத்தனார்: அடியில. அந்தப் பெட்டிக்கு மேல.

தம்பி: ஆமா, அங்க ஒண்ணு தனியா இருக்கு, விட்டுட்டேன்... இப்ப?

நாத்தனார்: ...முப்பத்தாறு. அண்ணி, முப்பத்தாறு.

தையலக்கா: காட்டு. கண்ணாடி எங்க... காட்டு. ஆமா. முப்பத்தாறு.

தம்பி: இனிமே உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்கக்கா.

தையலக்கா: தொந்தரவு கிடக்கட்டும். அந்த ரிசீவர் மறுபடி சரியா உக்காராமப் போனா?

தம்பி: ரெண்டாவதா என் மேசை நம்பரையும் கீழ போட்டிருக்கேன். அங்க பிஸின்னா இங்க அடிக்கட்டும். நான் படியில ஓடிக்கறேன்.

நாத்தனார்: பாருங்க சார், நல்லா பாத்துப் போடுங்க. இடம் மாறி வேற எங்கயாவது சலூனுக்குப் போயிடப் போகுது.

தம்பி: மூணு தடவை பாத்துட்டேங்க. எதுக்கும் நீங்களும் ஒரு தடவை அடிச்சுப் பாத்துடுங்க.

நாத்தனார்: அடிக்கறேன்... இருங்க, பாப்பா கூப்பிடுது. சொல்லும்மா... எங்க?... சரி... சரிம்மா. அண்ணி, அப்பாவும் பொண்ணும் அங்க வந்துட்டாங்க. ரத்தம் சேருதான்னு பாத்துட்டு இருக்காங்களாம். பை கண்ணுக்கு எதிர்லயே இருக்காம்.

தையலக்கா: அக்கா எப்படி இருக்காளாம்?

நாத்தனார்: கண்ணு முழிச்சு, குழந்தை பாலு குடிச்சுதான்னு கேட்டாளாம்.

தையலக்கா: போதும். அது போதும்.

தம்பி: நான் கீழ போய் அவங்க கூட நிக்கறேங்க்கா. பை கைக்கு வந்ததும் சொல்றேன். அதுக்கு முன்னாடி... ஒண்ணு கேக்கட்டுமா?

தையலக்கா: கேளுங்க.

தம்பி: நான் யாருன்னே தெரியாம, தைக்கற வேலையையும் போட்டுட்டு, இவ்வளவு பொறுமையா எல்லாத்தையும் சொன்னீங்களே. ஏன்?

தையலக்கா: தெரியாதுன்னு யாரு சொன்னா? ரத்தம் கேட்டுக் கூப்பிடறவங்க ஒருத்தர்கூட இது வரைக்கும் எனக்கு வணக்கம் சொன்னதில்ல தம்பி. நீங்க எடுத்த எடுப்புல வணக்கம் சொல்லி, நல்லா இருக்கீங்களான்னு கேட்டீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, பெட்டியை யாரோ திறந்துட்டாங்கன்னு. எங்க வச்சிடுவீங்களோன்னுதான்... கதை மேல கதையா விட்டுட்டு இருந்தேன்.