பியானோக்காரரின் இடது கை

பிள்ளைகளே, சிங்கப்பூரில் ஆஸ்பத்திரியிலிருந்து சிராங்கூன் ரோட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு வந்தார்கள். கணவர் ஓட்டல் சீருடையில், காலில் ஷூ இல்லாமல் ரப்பர் செருப்போடு இருந்தார். மனைவியின் இடது கையில் அன்றுதான் மாவுக்கட்டு பிரித்திருந்தார்கள். விரல்கள் மடங்கவில்லை.

“உங்க சப்பாத்து எங்கங்க?”

“பியானோவுக்கு அடியில இருக்கு. எங்க ஓட்டல்ல தங்கி வாசிக்கிற அமெரிக்காக்காரர் நேத்து ஜாஸ் வாசிச்ச வேகத்துல பியானோவே நகர ஆரம்பிச்சிருச்சு. சக்கரத்துக்குச் சப்பாத்தை முட்டுக்கொடுத்தேன். இன்னைக்கும் வாசிக்கிறாரு, எடுக்க விடமாட்டேங்கிறாங்க லா.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். “அப்படி என்ன வாசிச்சாரு?”

“வலது கை மழையாக் கொட்டுது. நான் பார்த்தது இடது கையைத்தான். அது பாட்டுக்குத் தாளம் தப்பாம போய்க்கிட்டே இருக்கு. அவரு அதைத் திரும்பிக்கூடப் பாக்கலை.”

“எனக்குப் பார்த்தாலும் அசைய மாட்டேங்குது. சின்னவளுக்கு இனிமே சடை பின்ன முடியாதோன்னு பயமா இருக்குங்க.”

“காலையில அவரு ரூமுக்குக் காப்பி கொண்டுபோனேன் செல்லம்மா. அவ்வளவு பெரிய ஆளு, மேசை மேல ஒவ்வொரு விரலா மெதுவாத் தட்டிப் பழகிக்கிட்டு இருந்தாரு, சின்னப் புள்ள மாதிரி.”

சொல்லிவிட்டு, தன் முன்கையை மனைவியின் பக்கம் நீட்டினார். “இதுல தட்டு.”

சுண்டுவிரல் அசையவில்லை. வெகுநேரம் கழித்து, ஆள்காட்டி விரல் ஒரே ஒரு முறை அவர் கையைத் தொட்டது.

“கேட்டுச்சாங்க?”

“நல்லாக் கேட்டுச்சு.”