நடுங்காத கை

மெத்தை வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் படுத்துப் பார்க்க வெட்கப்படுவார்கள். உள்ளங்கையால் இரண்டு இடத்தில் அமுக்கிவிட்டு, ஏதோ பெரிய ரகசியம் பிடிபட்ட மாதிரி தலையை ஆட்டுவார்கள். என் கடையை அளக்க வந்தபோது நீங்களும் அப்படித்தான் அமுக்கிப் பார்த்தீர்கள், இன்ஸ்பெக்டர் சார். கவனித்தேன். அது ஸ்பிரிங் வைத்தது. இந்த நாற்காலியில் பொழுதுக்கும் உட்கார்ந்திருக்கும் உங்கள் முதுகுக்கு ஆகாது. இந்த விவகாரமெல்லாம் முடிந்ததும் வாருங்கள், நல்லதாகப் பார்த்துத் தருகிறேன்.

என் மாப்பிள்ளை இறந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். நன்றி. ‘வயோதிகத்தால் ஏற்பட்ட கை நடுக்கம் காரணமாக, துப்பாக்கியை ஒப்படைக்கையில் மாமனாரின் கையிலிருந்து தவறுதலாக வெடித்து…’ எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. விஷயம்தான் தப்பு. சில திருத்தங்கள் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மெத்தைக் கடைக்காரனுக்குப் பொறுமை தொழிலோடு வந்துவிடும், போலீஸ்காரருக்கு எப்படியோ.

பல வருஷங்களுக்கு முன்னால் என் கடைக்குப் பக்கத்து மருந்துக் கடையில் கல்லாவை உடைத்தார்கள். மருந்துக் கடைக்காரர் மறுநாளே நல்ல பூட்டு ஒன்று வாங்கினார். நான் துப்பாக்கி வாங்கினேன். ஆளுக்கொரு புத்தி. மோட்டார் சைக்கிள் ஓட்ட உரிமம் கேட்டுப் போனபோது, வளைவில் காலை ஊன்றிவிட்டேன் என்று என்னைத் திருப்பி அனுப்பிய அரசாங்கம், துப்பாக்கிக்கு அப்படியெல்லாம் படுத்தவில்லை. பெயர், முகவரி, புத்தி சுவாதீனமாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி. இருக்கிறது என்று நானே சொன்னேன். நம்பினார்கள். நம்பிக்கை இல்லாவிட்டால் நாடு எப்படி நடக்கும்?

அன்றிலிருந்து இடுப்பில் அது இல்லாமல் நான் வெளியே போனதில்லை. பிறர் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம்; நான் சட்டத்தை மீறாதவன். காய்கறி வாங்கப் போனேன், இருந்தது. பல் பிடுங்கப் போனேன், இருந்தது. அந்தப் பல் டாக்டர் அன்றைக்குப் பிடுங்கிய மாதிரி வலிக்காமல் இந்த ஊரில் யாருக்கும் பிடுங்கியிருக்க மாட்டார். என் பேரன் விளையாடும் பூங்காவின் வாசலில் ஒரு பலகை உண்டு. நாய்க்கு அனுமதி இல்லை, பந்தாட அனுமதி இல்லை, புல்லில் நடக்கக் கூடாது. துப்பாக்கியைப் பற்றி மூச்சே இல்லை. அரசாங்கம் நாயைவிட என்னை நம்புகிறது என்று அர்த்தம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

கடையிலும் பேரம் பேசுவது அடியோடு நின்றது. வருகிறவர்கள் விலையைக் கேட்பார்கள், என் இடுப்பைப் பார்ப்பார்கள், ‘சரிங்க’ என்பார்கள். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பாதிப் பேர் திரும்பி வரவில்லை. மரியாதை தெரிந்தவர்கள் எப்போதுமே குறைச்சல்தானே.

என் ஒரே மகளை ஒரு பயிற்சியாளருக்குக் கொடுத்தேன். துப்பாக்கி சுடும் கிளப்பில் வேலை. பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இருக்கிறதா, கெட்ட பழக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் குறி பார்த்தேன். நல்ல குறி. வாய்தான் கொஞ்சம் நீளம். கல்யாணமான புதிதில் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டார்:

“ஏன் மாமா, மெத்தைக் கடையில எவன் கொள்ளையடிப்பான்? டபுள் காட் மெத்தையத் தலையில வெச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் ஓடுவான்? தெருமுனையில களைச்சுப் போய் அதுலயே படுத்துத் தூங்கிடுவான்.”

என் மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். பெருந்தன்மை என்று ஒன்று இருக்கிறதே.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இன்னொருவரிடம் துப்பாக்கியைக் கொடுக்கும்போது, கொடுக்கிறவர் திறந்து பார்த்து ‘காலி’ என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் அதை நம்பக் கூடாது. தானும் திறந்து, கண்ணால் பார்த்து, விரலால் தடவி, ‘காலி’ என்று சொன்ன பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. ஒருவன் முட்டாளாக இருந்தாலும் மற்றவன் பிழைத்துக்கொள்வான் என்ற கணக்கு. மாப்பிள்ளை இதில் ரொம்பக் கறார். கிளப் தலைவர் கொடுத்தாலும் திறந்து பார்ப்பார். முதல் தடவை நான் கொடுத்தபோதும் நாலு பேர் முன்னால் திறக்கப் போனார்.

நான் சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் கேட்டேன். “பொண்ணையே உங்கள நம்பிக் குடுத்திருக்கேன் மாப்பிள்ளை. ஒரு துப்பாக்கிய என்னை நம்பி வாங்கிக்க மாட்டீங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். “அதானே, மாமனாரையே சோதனை போடுறான் பாரு” என்றார் ஒருவர். மாப்பிள்ளையின் காது சிவந்தது. அன்றிலிருந்து நான் ‘காலி’ என்றால் அவருக்கும் காலிதான். உலகத்தில் அவர் திறந்து பார்க்காமல் வாங்கிய ஒரே துப்பாக்கி என்னுடையது. இதைத்தான் குடும்பப் பாசம் என்பது.

பிறகு புதுச் சட்டம் வந்தது. எங்கேயோ ஒரு பெரியவர் சினிமாத் தியேட்டரில் கீழே விழுந்த பாப்கார்னை எடுக்கக் குனிந்தார். இடுப்பில் இருந்தது வெடித்து முன்வரிசைக்காரரின் காலைத் துளைத்தது. ஒருவருக்குக் குனியத் தெரியவில்லை என்பதற்காக நாட்டில் உள்ள பெரியவர்களுக்கெல்லாம் தண்டனை. அறுபதைத் தாண்டியவர்கள் வெளியே துப்பாக்கி கொண்டுபோக வேண்டுமென்றால், வருஷா வருஷம் பயிற்சியாளர் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். கை நடுங்குகிறது, கண் மங்கல் என்று அவர் எழுதிவிட்டால் உரிமம் ரத்து. நான் கவலைப்படவில்லை. பயிற்சியாளர் நம் வீட்டுப் பிள்ளை. நம் வீட்டுப் பிள்ளை அதிகாரத்தில் இருக்கும்போதும் சட்டம் வளையவில்லை என்றால், பிறகு எதற்குத்தான் பிள்ளை, எதற்குத்தான் அதிகாரம்?

போனேன், சுட்டேன். என் குறி அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை. பக்கத்தில் சுட்ட தபால்காரரின் அட்டையில் அவர் சுட்டதைவிட இரண்டு ஓட்டை அதிகம். மனிதர் ரொம்ப சந்தோஷமாகப் போனார்.

“காத்து அடிச்சுது” என்றேன்.

“இது மூடின ஹால் மாமா” என்றார் மாப்பிள்ளை.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“மாமா, மூடி மறைச்சுப் பேச வரல. உங்க கை நடுங்குது. அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

“யார் கை?”

“உங்க கை மாமா.”

“இத என் மாப்பிள்ளையா சொல்றீங்களா, ஆபீசரா சொல்றீங்களா?”

“ரெண்டு பேரும் ஒரே ஆளுதானே மாமா. அதான் எனக்குத் தூக்கம் வரல.” டீயைக் கீழே வைத்தார். “ஸ்டேஷனுக்குப் போய் நீங்க குடுக்க வேணாம். நாலு பேர் பார்ப்பாங்க, உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். கடை லீவு அன்னிக்கு நானே வந்து வாங்கிக்கிறேன். யாருக்கும் தெரியாது.”

பாருங்கள், எவ்வளவு மரியாதையான பிள்ளை. என் மானம் போகாமல் என் மானத்தை வாங்கிக்கொண்டு போக ஏற்பாடு செய்தார்.

துப்பாக்கி இல்லாமல் அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பதை நான் நினைத்துப் பார்த்தேன். எவனாவது வந்து, ‘பெரியவரே, விலையைக் கொஞ்சம் குறைங்க’ என்று கையைத் தட்டிக் கேட்பான். பூங்காவில் பந்து என் மேல் படும். எந்தப் பையனும் மன்னிப்புக் கேட்க மாட்டான். பல் டாக்டர் வலிக்க வலிக்கப் பிடுங்குவார். இப்படியும் உலகத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று தெரியும். நான் அப்படி வாழ்ந்து பழகவில்லை.

லீவு அன்று காலையில் மாப்பிள்ளை வந்தார். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தேன், குனிந்து வந்தார். கையில் பூட்டு வைத்த ஒரு சின்னப் பெட்டி. “முதுகுவலி எப்படி இருக்கு மாமா?” என்று கேட்டார். உங்களுக்குப் பிடித்துப்போன அதே ஸ்பிரிங் மெத்தைக்குப் பக்கத்தில்தான் நின்றார். தோட்டா அடுக்கும் மேகஸினைக் கழற்றி முதலில் அவர் கையில் கொடுத்தேன். துப்பாக்கியின் உள்ளே ஒரு தோட்டா தங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முதல் திருத்தம். தங்கவில்லை, தங்க வைத்தேன்.

“காலி” என்றேன்.

அவர் கை திறந்து பார்க்கத்தான் எழுந்தது. பழக்க தோஷம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

“குழலை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக் குடுங்க மாமா.”

“காலிதானே மாப்பிள்ளை.”

“காலிதான், இருந்தாலும்…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். பெண் கொடுத்தவன் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது, அதைத்தான் பார்த்தேன். அவர் தப்புச் செய்தவர் மாதிரி சிரித்தார். பக்கத்தில் வந்து, இரண்டு கையாலும் என் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டார். சின்னக் குழந்தைக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுக்கும்போது டம்ளரோடு சேர்த்துப் பிடிப்போமே, அந்த மாதிரி.

“நடுங்காதீங்க மாமா. ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்ல.”

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம். அதைப் பொறுக்க முடியாமல்தான் சுட்டேன் என்று உங்களுக்குத் தோன்றும். இல்லை. சுடுவது என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. அந்த வார்த்தை என் மன நிம்மதிக்கு உதவியது, அவ்வளவுதான். மெத்தை உறை பிரிக்காதது என்பதால் துடைத்து எடுத்துவிடலாம். அதைக் குறைந்த விலைக்குத்தான் விற்பேன். எனக்கு மனசாட்சி உண்டு.

எல்லோரும் ரொம்ப நல்லவர்களாக இருந்தீர்கள். மருந்துக் கடைக்காரர் ஓடி வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நீங்கள் தோளில் கை வைத்து, “மனசைத் தேத்திக்குங்க பெரியவரே” என்றீர்கள். என் கை நடுங்கும் என்பதற்கு யார் சாட்சி? மாப்பிள்ளையே எழுதிக் கொடுத்திருக்கிறார். சுட்டவனைக் காப்பாற்றச் செத்தவரே சாட்சி சொன்ன வழக்கை உங்கள் சர்வீஸில் பார்த்திருக்க மாட்டீர்கள். பயிற்சியாளரும் இல்லை, வேறு ஆள் போடும்வரை தேர்வும் இல்லை, துப்பாக்கி என் இடுப்பிலேயே இருக்கும் என்று நினைத்தேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பாவப்பட்ட பெரியவனாக வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் உங்கள் அறிக்கையின் கடைசி வரி என்ன சொல்கிறது? ‘கை நடுக்கம் உறுதியாவதால் மேற்படியாரின் உரிமம் நிரந்தரமாக ரத்து செய்யப்படுகிறது.’ அப்படியென்றால் மாப்பிள்ளை சொன்னதும் நீங்கள் சொல்வதும் ஒன்றுதானே? அவர் எழுதியதையே நீங்களும் எழுதுவதற்கு, அவர் எதற்கு அநாவசியமாகச் சாக வேண்டும்?

ஆகவே இரண்டாவது திருத்தம். எழுதிக்கொள்ளுங்கள். கை நடுங்கவில்லை. குறி பார்த்துத்தான் சுட்டேன். ஒரே தோட்டா, நினைத்த இடம். பக்கத்து அட்டைக்கெல்லாம் போகவில்லை. வேண்டுமென்றால் இதையே இந்த வருஷத் தேர்வாக வைத்துக்கொள்ளலாம். இன்னொரு தரம் சுட்டுக் காட்டச் சொன்னாலும் தயார். சட்டமும் எனக்குத் தெரியும். தன் இடத்துக்குள் வந்து தன் பொருளை எடுத்துப் போகப் பார்க்கிறவனைச் சுடலாம் என்றுதானே இருக்கிறது? கடை என்னுடையது. பொருள் என்னுடையது. கை நீட்டியது அவர்.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? மேஜையில் தண்ணீர் சிந்தியதைப் பார்க்கிறீர்களா? டம்ளரை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தால் யார் எடுத்தாலும் சிந்தத்தான் செய்யும். துடைத்துவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மகள் என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். “அவர் மேல கோவம் வெச்சுக்காதீங்கப்பா. அப்படி எழுதச் சொல்லிக் கெஞ்சினது நான்தான். குழந்தை உங்க மடியில உக்காரும்போதெல்லாம் எனக்கு உயிரே போயிடும்பா. இப்ப என்னாலதான் உங்க கையால இப்படி ஆயிடுச்சு” என்றாள். பாவம், செத்தவர் பெயர் கெடக் கூடாதென்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள். என் மகள் அப்படிச் செய்கிறவளா? இருந்தாலும் வீட்டுக்குப் போனதும் அவளிடம் நிதானமாக ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

வெளியே பெஞ்சில் பேரனோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வரும்போது பார்த்தேன். என்னைக் கண்டதும் குழந்தையை இழுத்துத் தன் மறுபக்கம் உட்கார வைத்துக்கொண்டாள். எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள். எதை என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அதற்காகத்தான் சார் கேட்கிறேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமென்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன், துப்பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். புருஷன் இல்லாத பெண்ணையும் பச்சைக் குழந்தையையும் வெறுங்கையோடு எப்படி வீட்டுக்குக் கூட்டிப் போவது? காலம் கெட்டுக் கிடக்கிறது. அவர்களுக்கு இனி என்னை விட்டால் வேறு காவல் யார்?