அவள் வாசிக்காத எட்டு வரி

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி. சிரிக்காதீர்கள்... பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? கிட்ட வந்து உட்காருங்கள். இது என்னோடு அச்சகத்தில் வேலை பார்ப்பவரின் அக்கா மகளுக்கு நடந்தது. அவர் புளுகுகிற ஆள் இல்லை. சம்பள நாளில்கூடச் சிரிக்காதவர்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற சாலையில் ஈ காக்கை இல்லை. அவள் மட்டும் நடந்தாள். பள்ளியில் கடைசி வருஷம், இசைதான் பாடம். அதில் பாதி அலசல்: ஒரு பதிவைக் கேட்டு, காதில் விழுவதையெல்லாம் விடாமல் எழுதி, பிரித்துப் பார்க்க வேண்டும். மீதி, சொந்தமாக இசையமைப்பது. அதை மறுநாள் கொடுக்காவிட்டால் இசைக் கல்லூரிக் கனவு அவ்வளவுதான். முழுக்க வந்துவிட்டது... முடிவு மட்டும் வரவில்லை. ஆறு மாதமாக.

காவலாளி சாவியைக் கொடுத்தார். "ஃபேன் ஓடாதும்மா, ஜன்னலைத் திறந்துக்கோ."

இசை அறையில் ஈரத் துணி வாடை. போனைப் பியானோமேல் வைத்து, தான் வாசிப்பதைப் பதிவு செய்யவிட்டு வாசித்தாள். அதே இடத்தில் விரல் நின்றது. கைகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். பிறகு பதிவை நிறுத்தினாள்.

வீட்டில் இயர்போனை மாட்டி, அந்தப் பதிவைக் கேட்டுக் கண்ணை மூடியபடி ஸ்வரங்களை எழுதினாள். அலசல் வகுப்புப் பழக்கம். காது கேட்டால் கை தானாக எழுதும். கண்ணைத் திறந்தால்... எட்டு வரி கூடுதலாக இருந்தது.

திரும்பக் கேட்டாள். அவள் நிறுத்திய இடம். அவளுடைய விசும்பல். அதற்கு அடியில்... பியானோ. மெதுவாக. அவள் தேடித் தேடி அலுத்த முடிவு அதுதான். கூடவே, கட்டைகளில் நகம் உரசும் சத்தம். அவள் நகம் வளர்ப்பதில்லை.

பயந்தாள்தான். ஆனால் விடிந்தால் திங்கட்கிழமை. 'முழுக்க என் சொந்தப் படைப்பு' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

முழு மதிப்பெண். கல்லூரியிலும் இடம் கிடைத்தது. அங்கே முதல் நாளே ஆரம்பித்தது. எதை வாசித்தாலும் கடைசி வரிக்கு அவள் கைகள் மடியில் விழுந்துவிடும். பியானோ நிற்காது... முடித்துவிட்டுத்தான் ஓயும். ஒரே மாதத்தில் படிப்பை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்புறம் பேச்சு.

"அம்மா, எனக்கு..." என்று தொடங்குவாள்.

"...பசிக்குது." அடுத்த அறையிலிருந்து வரும். அவள் குரலிலேயே.

இப்போது வாயே திறப்பதில்லை. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். பாவம், அந்த வீட்டில் யாருக்கும் எந்த நம்பிக்கையும் மிச்சமில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் அவள் தூங்கினாள். அம்மா கட்டிலோரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் மூச்சை உள்ளே இழுத்தாள். நெஞ்சு ஏறியது... அப்படியே நின்றது.

வெளியே விடுகிற மூச்சு அம்மாவின் பிடரியில் பட்டது.