பத்து மாதம் ஓடாத கோடு

அரியாங்குப்பத்திலிருந்து டவுனுக்குப் போகும் பஸ். முன் சீட்டில் சாப்ட்வேர் கம்பெனி அட்டையோடு இரண்டு பெண்கள். காதை மூடிக்கொண்டா வர முடியும்?

"பத்து மாசமா ஒரு தடவகூட ஓடாத புரோகிராம் கோடுடி. வேஸ்ட்டுன்னு நேத்து அழிச்சிட்டேன்."

"எதுல?"

"ஐஸ் ஆர்டர் ஆப்ல. தடைக்காலம்னு பேரு போட்டிருந்துச்சு."

ஜன்னலோரத்தவள் திரும்பி உட்கார்ந்தாள். "அடிப்பாவி! மீன்பிடித் தடைக்காலத்துல போட்டுங்களுக்கு ஐஸ் போவாம நிறுத்துறதே அதான். நாளன்னிக்கு தடை ஆரம்பிக்குது. கரையில நிக்கிற போட்டுக்கெல்லாம் தினப்படி ஆர்டர் தானா போயி, லாரி லாரியா ஐஸ் எறங்கும்!"

"ஐயோ, சும்மாதானடி கெடந்துச்சு!"

"எங்கப்பாகூட தடைக்காலம் பூரா வூட்ல சும்மாதான் குந்தியிருப்பாரு. அவரையும் அழிச்சிடுவியா?"

மற்றவள் சிரிக்கவில்லை. லேப்டாப்பை மடியில் திறந்து, அழித்ததைத் தேடத் தொடங்கினாள். கிடைக்கிறதா என்று பார்த்ததில், நான் இறங்கவேண்டிய ஸ்டாப் போய்விட்டது.