இரண்டு தடவை கணவாயைத் தாண்டியவர்

எங்கள் கண்டித் திறந்த மென்பொருள் வட்டத்தின் தலைவராக நடுக் கதிரையில் வீற்றிருக்கும் தியாகராஜா ஐயா அவர்களே! நான் கூடுதலாகக் கதைத்தால் சட்டையைப் பிடித்து இழுப்பதற்கென்றே பக்கத்தில் நிற்கும் அழகர் அண்ணன் அவர்களே! முன் வரிசையில் மகனோடு வந்திருக்கும் றமீஸா மாமி அவர்களே! இடமில்லாமல் மாடிப்படியில் நிற்கும் பெரியோர்களே, நண்பர்களே! அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

எங்கள் செயலாளர் செல்வி சத்தியபாமா அவர்கள் மறைந்துவிட்டார். கணினிக்குள் ஒரு வைரஸையும் நுழையவிடாத அக்காவை, நுளம்பு சுமந்து வந்த வைரஸ் ஒன்று ஒரே கிழமைக்குள் கொண்டுபோய்விட்டது. டெங்குக்கு எந்த ஊரில் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடுகிறார்கள்? சொல்லுங்கள் ஐயா, இப்போதே போய் எடுத்து வருகிறேன்!

இந்த ஹபீலை யார் இரங்கல் பேச விட்டது என்று பின்னால் முணுமுணுப்புக் கேட்கிறது. நியாயம்தான்! இந்த அறைக் கணினியின் திரையில், ‘எனக்குப் பசிக்கிறது, இரண்டு ரோல்ஸ் வைக்கவும்’ என்று எழுத்து ஓடவிட்டு, கீழே தையல்கடை வைத்திருக்கும் அழகர் அண்ணனை ரோல்ஸ் வாங்க வைத்தவன் நான். அக்கா அதில் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் எனக்கு ஏசினார்.

சிரித்துவிட்டீர்கள். இனிச் சிரிக்க முடியாத கதைக்கு வருகிறேன்.

இந்த 2018 மார்ச் மாதக் கலவரத்தில் முஸ்லிம்களான எங்கள் கடைகள் எரிந்தபோது, பயந்துகொண்டே ஜன்னலால் படம் பிடித்தவர்கள் அந்தக் காட்சிகளை இங்கேதான் கொண்டுவந்து தந்தார்கள். முஸ்லிம்கள் தந்தார்கள், தமிழர்கள் தந்தார்கள், பக்கத்து வீட்டுச் சிங்களவர்களும் தந்தார்கள். எந்த ஜன்னல், யாருடைய வீடு, எல்லாம் இந்த ஒரே கணினியில் இருந்தன. அது வெளியே கசிந்தால் அடுத்த தீ எந்த வீட்டில் விழும்? அந்தப் பயத்தோடுதான் அக்கா வருகிற ஒவ்வொரு கோப்பையும் மணல்பெட்டி என்ற மென்பொருளுக்குள் வைத்துத் திறந்தார். கெட்ட கோப்பு அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு துள்ளினாலும் வெளியே தாவ முடியாது.

தாவலாம் என்று ஒரு காலையில் அறிவிப்பு வந்தது. பெட்டியில் ஓட்டை! அடைக்கும் திருத்தமும் வெளியாகிவிட்டது. இறக்குவதற்குள் மாவட்டம் முழுக்க இணையத்தை நிறுத்திவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து றமீஸா மாமி படியேறி வந்தார். கையில் யாரோ கொடுத்த ஒரு மெமரி சிப். மகன் இன்சாப் முதல்நாள் இரவிலிருந்து வீடு வரவில்லை.

“மகள், எண்ட புள்ள இதுல ஈக்கிறானாம். தொறந்து பாருங்க.”

“மாமி, இப்ப திறக்கேலாது. பெட்டி பழுதாய்க் கிடக்கு” என்றார் அக்கா.

“பெட்டியா? எண்ட மகன் உசிரோட ஈக்கிறானா இல்லயாண்டு தெரியாம நிக்கிறன், நீங்க பெட்டிக் கத செல்லுறீங்க!”

“இணையந்தான் இல்லையே, தங்கச்சி. எதுக்குப் பயப்படுறீங்க? தொறங்க!” என்றார் அழகர் அண்ணன்.

“நாளைக்கு இணையம் வரும் அண்ணை. உள்ளுக்கு நுழைஞ்சது அதுவரைக்கும் பேசாமல் இருந்திட்டு, பிறகு எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போகும்.”

ஒரு தாயின் அழுகை ஒரு பக்கம். எத்தனையோ வீடுகளின் உயிர் மறு பக்கம். அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் திறந்திருப்பேன்! அக்கா குடையை எடுத்தார். “நான் போயிட்டு வாறன் மாமி. இதில இருங்கோ.”

ஊரடங்கு தளர்ந்த இடைவெளியில் பஸ் பிடித்து, கடுகண்ணாவைக் கணவாயைத் தாண்டினார். தாண்டினால் அடுத்த மாவட்டம். அங்கே இணையம் இருந்தது. பென்டிரைவோடு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தத்தைக் கொண்டுவந்தவர் அதைச் சரிபார்க்கக் கூடாது. அனுப்பியவர்களின் முத்திரை கோப்பில் சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். அன்று அந்த இன்னொருவர் நான். பார்த்தேன். பொருந்தவில்லை!

“டேய் ஹபீலு, இதுலயும் வெளையாட்டாடா?”

“அல்லாஹ் மேல சத்தியமா இல்ல, அண்ணே. தெரயப் பாருங்க.”

“தெரயில எழுதுறதே நீதானடா!”

மாமி என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. அக்கா என் பக்கம் பேசவில்லை. அண்ணன் பக்கமும் பேசவில்லை. “நீ எழும்பு. றம்லத், நீர் கதிரையில இருந்து, முதல்லயிருந்து செய்யும்” என்றார். எங்கள் வட்டத்து மூத்த சகோதரி றம்லத் ராத்தா செய்தார். பொருந்தவில்லை. அங்கிருந்த மெதுவான இணைப்பில் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது. பெயர் முழுசு, உள்ளே அரைவாசி.

அக்காவின் முகம் ஒரு கணம் வெளிறியது. தான் போய் வந்த வழி வீண் என்று ஒருவர் இவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொண்டதை நான் கண்டதில்லை! தெருவில் ஆமிக்காரர் கடைகளைச் சாத்தச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அக்கா திரும்பவும் போனார். திரும்பவும் கணவாய். ஊரடங்கு விழுந்து, அந்தப் பக்கத்திலேயே யாரோ வீட்டில் தங்கி, விடிந்ததும் வந்தார். மாமி இந்தத் தரையில்தான் இரா முழுக்க இருந்தார்.

பொருந்தியது! பெட்டியை அடைத்தோம், சிப்பைத் திறந்தோம். தலையில் இரத்தத்தோடு இன்சாப்பை யாரோ இருவர் முச்சக்கரவண்டியில் ஏற்றும் காட்சி. அதை வைத்துத் தேடியதில் ஆஸ்பத்திரி வார்டில் உயிரோடு கிடைத்தான். இதோ, தாயின் பக்கத்தில் இருக்கிறான்! அதே சிப்பில் ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு கோப்பு, பழைய ஓட்டை இருந்த இடத்தைத் தேடித் தேடி முட்டியது. யாராவது வேண்டுமென்றே வைத்ததா, தெருவில் ஒட்டியதா, எனக்குத் தெரியாது. பெட்டியின் சுவர் தாங்கியது. அது தெரியும்.

அன்பானவர்களே! அந்தக் காட்சிகள் சாட்சியாக வேண்டிய கலவர விசாரணை இன்னும் தொடங்கவில்லை. அந்த ஜன்னல்களெல்லாம் இன்னும் இந்தக் கணினியில்தான் இருக்கின்றன. இன்று காலை மணல்பெட்டியில் புதிய ஓட்டை ஒன்று அறிவித்திருக்கிறார்கள். செயலாளருக்கு இரங்கல் கூட்டம் நடக்கிறதே என்று ஓட்டை பொறுத்துக்கொள்ளுமா? பொறுக்காது! அதனால் திருத்தத்தை நானே இறக்கி வைத்திருக்கிறேன். ஆனால் கொண்டுவந்தவன் நான். சரிபார்க்கும் உரிமை எனக்கில்லை. அந்த வேலைக்கு என்னைக் கொஞ்சமும் நம்பாத ஒருவர் தேவை.

அழகர் அண்ணே, சட்டையை விடுங்கள். போய் அந்தக் கதிரையில் இருங்கள். எப்படியென்று றம்லத் ராத்தா சொல்லித்தருவார். பொருந்தவில்லை என்று நீங்கள் சொன்னால், அக்காவைப் போல நானும் மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துவரப் போவேன்.