நூற்றுப் பதினெட்டு ராத்தல்

நயினார்: …ஒருத்தன் சொன்னா நான் நம்புவேனா அத்தான்? ரெண்டாவது ஆளும் அதையே சொன்னான். அப்பமும் நம்பலே. மூணாவது ஆளு கடைக்குள்ளே வந்து சொன்ன பொறவுதான் கல்லாவைப் பூட்டிட்டு ஓடி வாறேன்.

கோலப்பன்: சாலைக்கடைத் தெருவிலேருந்து இங்கே வரைக்கும் ஓடியா வந்தீரு? மூச்சு வாங்குது. உக்காரும்.

நயினார்: என் மூச்சு கெடக்கட்டும். கரமனை ஆத்துப் படித்துறையிலே விடியக்காலம்பற மூடை சொமக்கது நீங்கதானா?

சொர்ணம்: மூடையா?

கோலப்பன்: சொர்ணம், ஒன் தம்பிக்கு மோர் கொண்டா.

சொர்ணம்: ஒடிஞ்ச காலோட நான் சுவரைப் பிடிச்சு எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிட்டு வரதுக்குள்ளே இவன் கதையைச் சொல்லி முடிச்சிருவான். நல்ல யுக்தி! நீ சொல்லு நயினாரு, என்ன மூடை?

நயினார்: சாக்கு மூடைக்கா. தோள்லே வச்சுக்கிட்டுப் படி ஏறுகாராம், இறங்குகாராம். பொறவும் ஏறுகாராம். "சர்க்கார் ஹஜூர் கச்சேரியிலே சூப்ரண்டா இருந்த கோலப்பபிள்ளைக்கு இந்தக் கதி வந்துட்டே, மக கல்யாணத்தை வச்சுக்கிட்டு மனுசன் கூலிக்குல்லா போகாரு"ண்ணு சாலை முழுக்கப் பேச்சு.

கோலப்பன்: கூலிக்கா! எவன் சொன்னான்? பேரைச் சொல்லும்.

நயினார்: பேரைச் சொன்னா? மூடையைத் தூக்கி அவன் மேலே போடுவேளோ?

கோலப்பன்: எங்க குடும்பத்திலே கைகட்டி நிண்ண ஆளு கெடையாது ஓய். என் அப்பா மழையிலே நனைஞ்சாலும் ஒருத்தன் குடைக்குள்ளே நொழைய மாட்டாரு.

நயினார்: அதான் கேக்கேன். குடைக்குள்ளே நொழையாத குடும்பம் சாக்குக்குள்ளே எப்படி நொழைஞ்சுது?

சொர்ணம்: லே, மரியாதையாப் பேசு… சிரிப்பு வருகுலே.

கோலப்பன்: சிரிக்கதுக்கு ஒண்ணுமில்லே. அது தேகப்பயிற்சி. எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு, கனத்தைக் கொறைக்கணும்ண்ணு டாக்டர் சொன்னாரு.

நயினார்: டாக்டர் சாக்கு எடுக்கச் சொன்னாரா?

கோலப்பன்: கொறைக்கணும்ண்ணு சொன்னாரு. எப்படிண்ணு சொல்லலே. அதைக் கரமனை திரவியம் ஆசான்கிட்டே போய் முறையா வெத்திலை வச்சுக் கேட்டேன். முதல்லே தண்டால். பொறவு பஸ்கி. பொறவு கர்லாக்கட்டை…

நயினார்: பொறவு சாக்கு.

கோலப்பன்: சாக்குக்குள்ளே மணல்தான் இருக்கு. அரிசி இல்லே.

நயினார்: அட, மணல்ண்ணா கௌரவம்! இது தெரியாம நான் ஓடி வந்துட்டேனே.

சொர்ணம்: இப்பல்லா விளங்குது எனக்கு! பழவங்காடிப் பிள்ளையாரைத் தொழுதிட்டு வாறேண்ணு கெளம்புவாரு. திரும்பி வரும்போ நெத்தியிலே விபூதி இருக்கும், முழங்காலுக்குக் கீழே வேட்டி நனைஞ்சிருக்கும். பிள்ளையார் கோயிலுக்குள்ளே ஆறு எங்கேருந்து வந்துதுண்ணு நானும் கேக்கலே, இவரும் சொல்லலே.

கோலப்பன்: பிள்ளையாரைத் தொழுதிட்டுத்தான் ஆத்துக்குப் போவேன். நான் பொய் சொல்லலே.

சொர்ணம்: பாதியைச் சொல்லலே.

நயினார்: எத்தனை நாளாக்கா இந்தக் கூத்து?

சொர்ணம்: கார்த்திகையிலே தொடங்கினது, இப்பம் ஆனி. ஏழு மாசம் ஆகப்போகு. முதல்வாரம் கையைத் தூக்க முடியாம, சட்டை போட என்னைக் கூப்பிட்டாரு. வாயுப் பிடிப்புண்ணாரு. ஒரு போத்தல் தைலம் தேச்சேன்.

கோலப்பன்: வாயுவும் இருந்துது.

சொர்ணம்: பொறவு சாயங்காலத்து ரசவடை நிண்ணுது. சோறு உண்ட பொறவு உச்சைத் தூக்கம் நிண்ணுது. காப்பியிலே சக்கரை நிண்ணுது. ராத்திரி ரெண்டு பிடி சோறு, ஒரு குத்துக் கீரை. காலம்பற அவிச்ச கொள்ளு.

நயினார்: கொள்ளா? அது குதிரைக்கில்லா வைக்கது?

சொர்ணம்: ஜட்கா வண்டிக்காரன் தெருவிலே போனா, அவன் குதிரை நம்ம அடுக்களையைத் திரும்பிப் பாக்குது.

நயினார்: அத்தான் வயத்தைப் பாருங்களேன். முன்னாலே ஆளு வாசலுக்கு வாறதுக்கு முந்தி வயறு வந்து நிக்கும். இப்பம் ரெண்டும் ஒண்ணாத்தான் வருகு.

சொர்ணம்: வெள்ளி அரைஞாண் இடுப்பிலே நிக்கல்லே. தட்டான் மூணு தடவை கண்ணி எடுத்தாச்சு. "பிள்ளைவாள், இன்னும் கொஞ்சம் மெலிஞ்சா கொலுசா மாத்தித் தந்திரலாம்"ண்ணு கேட்டான்.

கோலப்பன்: அவன் அப்படிக் கேக்கலே.

சொர்ணம்: கேக்கலே. நினைச்சான். மூஞ்சியிலே தெரிஞ்சுது.

கோலப்பன்: விசாரணை முடிஞ்சுதா? நயினார், நீரு கடைக்குப் போய், கேக்கவன்கிட்டே எல்லாம் டாக்டர் சொன்ன தேகப்பயிற்சிண்ணு சொல்லும். தீந்துது.

நயினார்: தீரலே அத்தான். எனக்கு ஒண்ணு ஓர்மை வருகு… விஷு கழிஞ்ச மறுநாள் ஒரு சாக்கை ஜட்காவிலே ஏத்திக்கிட்டு நம்ம கடைக்கு வந்தேள்லா? தராசிலே வச்சு, ஒரு கை மணலை எடுக்கதும் போடுகதுமா, "ஒரு ராத்தல் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது"ண்ணு ஒத்தைக் கால்லே நிண்ணேளே. அந்தச் சாக்குதானே இது?

கோலப்பன்: அது… கெணத்துக்கரை பூசதுக்கு.

நயினார்: கெணத்துக்கரை பூசுக கொத்தன் சட்டிக் கணக்கிலே மணல் கேப்பான். ராத்தல் கணக்கிலே எவன் கேட்டான்? அதுவும் நூத்திப் பதினெட்டு ராத்தல்!

சொர்ணம்: எவ்வளவு?

நயினார்: நூத்திப் பதினெட்டு. நல்லா ஓர்மை இருக்கு. நூத்தியிருபதா வச்சுக்கிடுங்க அத்தான்ண்ணேன். முறைச்சாரு.

கோலப்பன்: நயினார், ஒம்ம கடைக்கு ஆளு வந்து காத்து நிக்கும்.

சொர்ணம்: நிக்கட்டும். நூத்திப் பதினெட்டு… அது என் கனம்லா.

நயினார்: என்னக்கா சொல்லுகே?

சொர்ணம்: கால் கட்டு அவுத்த அன்னைக்கு ஆஸ்பத்திரியிலே என்னை மிசின்லே ஏத்தி நிறுத்து, சீட்டிலே எழுதித் தந்தாங்க. நூத்திப் பதினெட்டு ராத்தல். அந்தச் சீட்டை இவரு வாங்கினாரு, கண்ணாடியைப் போட்டுப் படிச்சாரு, நாலா மடிச்சு சட்டைப் பையிலே வச்சாரு. மருந்துச் சீட்டைக்கூட மறந்து பெஞ்சிலே போட்டுட்டு வந்த மனுசன்!

நயினார்: அத்தான், குமாரகோயில் படி ஏறதுக்கா இது?

கோலப்பன்: வேற எதுக்கு?

நயினார்: அக்காளை நீங்களே தூக்கிட்டு ஏறப்போறேளா?

கோலப்பன்: ஆவணி பத்தொம்பது கல்யாணம். அடியிலேருந்து சன்னதிக்கு நாப்பது படிக்குக் கொறையாது. தாரைவாக்க மேலே தாய் நிக்கணும். இவளாலே ஏற முடியாது. பின்னே யாரு தூக்கது?

நயினார்: அதுக்குத்தானே நான் மாசியிலேயே வழி சொன்னேன்? ஒரு நாக்காலியிலே அக்காளை உக்காத்தி, என் கடைச் சுமட்டுக்காரன் ரெண்டு பேரு முன்னும் பின்னும் பிடிச்சா…

கோலப்பன்: வேண்டாம்ண்ணு மாசியிலேயே நானும் சொன்னேன்.

நயினார்: இல்லேண்ணா கீழேயே எங்கேயாவது பந்தலைப் போட்டுக் கல்யாணத்தை முடிச்சிருக்கலாம்.

கோலப்பன்: எங்க வீட்டிலே தலைப்பிள்ளைக் கல்யாணம் குமாரகோயில் சன்னதியிலேதான். என் அப்பாவுக்கு, எனக்கு, இப்பம் பாகீரதிக்கு. அதை மாத்த எனக்கு அதிகாரம் இல்லே. என் வீட்டுக்காரியை அந்நியன் தூக்கிட்டு வந்து மகளுக்குத் தாரைவாக்க வைக்கதுக்கும் எனக்கு மனசில்லே.

சொர்ணம்: அந்நியன் தூக்கியாச்சே. புரட்டாசியிலே.

கோலப்பன்: …ஆமா.

சொர்ணம்: ஆஸ்பத்திரிக்குப் போகணும்லா. அதிலே என்ன மானக்கேடு?

கோலப்பன்: ஒனக்கு ஒண்ணுமில்லே. நீ கெணத்தடியிலே வழுக்கி விழுந்து கெடந்தே. நான் குனிஞ்சேன். தூக்கினேன்… வரலே. ரெண்டாவது குனிஞ்சேன். மூச்சு முட்டி, ஒன் பக்கத்திலே ஈரத்திலே உக்காந்துட்டேன். வாசல்லே போன ஜட்காக்காரன் சத்தம் கேட்டு ஓடிவந்தான். "பிள்ளைவாள், அந்தப் பக்கமா மாறி நில்லும்"ண்ணு சொன்னான். குடத்தை எடுக்க மாதிரி ஒன்னை எடுத்துட்டுப் போனான். நான் மாறி நிண்ணேன்.

சொர்ணம்: …அதைப் போயா ஒம்பது மாசம் நெஞ்சுக்குள்ளே வச்சிருந்தேள்?

கோலப்பன்: முப்பது வருசம் கச்சேரியிலே எல்லாவனையும் மாறி நிக்கச் சொன்னவன் நான்.

நயினார்: செரி அத்தான். நான் வெளையாட்டுக்குக் கேக்கலே இப்பம். சம்பந்தக்காரரு நிப்பாரு. கோட்டாத்துப் பெண்டுக அத்தனை பேரும் படியிலே நிப்பாளுவ. நாதஸ்வரக்காரன் நிப்பான். அவுக முன்னாலே பொஞ்சாதியைக் கையிலே தூக்கிட்டு, அறுபது வயசிலே…

கோலப்பன்: அம்பத்தெட்டு.

நயினார்: அம்பத்தெட்டிலே படி ஏறினா ஊரு சிரிக்கும். நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைகள் காலத்திலேயும் இதைச் சொல்லிச் சிரிப்பானுவ. குடும்பக் கௌரவம், குடும்பக் கௌரவம்ண்ணு சொல்லுகவரு நீங்க.

கோலப்பன்: சிரிக்கட்டும். புரட்டாசியிலே நான் மாறி நிண்ணதைப் பாத்து ஒருத்தனும் சிரிக்கலே. "பாவம்"ண்ணான். எனக்கு அதுதான் பொறுக்கலே.

நயினார்: …கொள்ளாம் அத்தான். பின்னே நான் என்ன சொல்ல? சம்பந்தக்காரரு நாளைக்குச் சரக்கெடுக்க சாலைக்கு வாறாரு. அவரு காதிலே கூலிப் பேச்சு விழுந்து, இந்த வீட்டிலே பெண்ணெடுக்க யோசிச்சாரோ, மூடையை நீங்க ஆத்திலே போட வேண்டியதுதான்.

கோலப்பன்: அவரை நேரா இங்கே கூட்டிட்டு வாரும். காலம்பற அஞ்சரைக்குப் படித்துறைக்கு வந்தாலும் செரி. கண்ணாலே பாக்கட்டும்.

நயினார்: கூட்டிட்டு வாறேன். ஆனா ஒண்ணு, அவருக்கும் ரெண்டு சாண் வயறு இருக்கு. பாத்துட்டு அவரும் சாக்கு கேட்டா நான் தர மாட்டேன். அவரு பொஞ்சாதி எரநூறு ராத்தல் இருப்பா, என் தராசு தாங்காது. வாறேன்க்கா.

சொர்ணம்: போயிட்டு வா. வாயை மூடிக்கிட்டுப் போ.

நயினார்: சாலை வரைக்கும் முடியாது. கோட்டைவாசல் வரைக்கும் மூடுகேன்.

கோலப்பன்: …போயிட்டான். சொன்னதுக்கு மேலே நாலு சேத்துச் சொல்லுவான்.

சொர்ணம்: சொல்லட்டும். எத்தனை படி ஏறுவேள்?

கோலப்பன்: படித்துறையிலே இருபது. ரெண்டு தடவை ஏறினா நாப்பது. நடுவிலே நிக்க மாட்டேன்.

சொர்ணம்: மணல் பேசாம வரும். நான் அப்படியா? நாலாவது படியிலேயே "மெள்ள, மெள்ள"ண்ணு தொடங்குவேன். பத்தாவது படியிலே கொண்டை அவுந்துட்டும்பேன்.

கோலப்பன்: அது தெரிஞ்சுதான் போன வாரத்திலேருந்து எட்டு ராத்தல் கூட்டி வச்சிருக்கேன்.

சொர்ணம்: என் வாய்க்கு எட்டு ராத்தலா!

கோலப்பன்: கொறைச்சுத்தான் போட்டிருக்கேன்.

சொர்ணம்: ஒரு நாளாவது என்கிட்டே சொன்னேளா?

கோலப்பன்: சொன்னா வேண்டாம்பே. ரத்தக்கொதிப்பும்பே. இப்பம் டாக்டரே பாத்துட்டு, கொதிப்பு எறங்கியாச்சு, என்ன செய்யுதீருண்ணு கேக்காரு.

சொர்ணம்: என்ன சொன்னேள்?

கோலப்பன்: பிள்ளையாரைத் தொழுகேண்ணேன்.

சொர்ணம்: நல்லாயிருக்கு! செரி, இதைத் தோள்லே போடுங்க பாப்போம். கல்யாணத்துக்கு இந்தக் கரைவேட்டியும் நேரியலும்தான். வெயில்லே காயப்போட்டு மடிச்சு வச்சிருக்கேன்.

கோலப்பன்: சரிகை மங்கலே… இது என் கல்யாணத்து நேரியல்லா?

சொர்ணம்: அப்பம் வயறு இல்லே. இப்பமும் இல்லே. அதான் எடுத்தேன்.

கோலப்பன்: எடுத்தேண்ணா? இது மச்சிலே பெரிய பெட்டிக்குள்ளே இல்லா கெடந்துது.

சொர்ணம்: ஆமா.

கோலப்பன்: பாகீரதி பத்து நாளா கோட்டாத்திலே ஒன் தங்கச்சி வீட்டிலே. பெட்டிச் சாவியை நீ வேலைக்காரி கையிலே கொடுக்க மாட்டே. மச்சுக்குப் பதினாலு மரப்படி… செங்குத்து. சொர்ணம், யாரு ஏறினா?

சொர்ணம்: யாரு ஏறுவா? நீங்க ஆத்துக்குப் போன பொறவு இந்த வீட்டிலே நான் ஒருத்திதானே. நர்ஸ் ரத்னாபாய் சொல்லித் தந்தா, கணுக்கால்லே உப்புப் பொட்டலத்தைக் கட்டி நீட்டி மடக்கிப் பழகச் சொல்லி. தையிலே ஒரு படி ஏறினேன். பங்குனியிலே ஆறு. இப்பம் பதினாலும் மூணு தடவை ஏறி இறங்குகேன், கைப்பிடியைப் பிடிக்காம. கல்யாணத்தன்னைக்கு ஒங்க முன்னாலே விறுவிறுண்ணு படி ஏறி ஒங்க வாயை அடைக்கணும்ண்ணு நினைச்சிருந்தேன்… மூஞ்சியை அப்படி வைக்காதீங்க. நயினாருக்கும் தெரியாது, யாருக்கும் தெரிய வேண்டாம். குமாரகோயில் படிக்கிட்டே வந்தா எனக்குக் கால் ஒரு அடி நகராது, கேட்டேளா? நீங்க தூக்கித்தான் ஆகணும்.