முனகாமல் பிசையச் சொன்ன இரவு

தலைமையேற்றிருக்கும் அண்ணன் தியோதுல் அவர்களே, கணப்படுப்பை ஒட்டி அமர்ந்திருக்கும் பெரியவர்களே, கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, உறங்கவேண்டிய பகலில் உறக்கத்தை உதறிவிட்டு இந்த மதுக்கடைப் பின்கட்டில் திரண்டிருக்கும் பாரிஸ் ரொட்டித் தொழிலாளத் தோழர்களே, வணக்கம்.

நான் பியானோ வாசிப்பவன். மாளிகைகளில் இராப்பாட்டு, அதாவது இரவின் அமைதியைப் பாடும் மெல்லிசை, வாசிப்பது என் பிழைப்பு. பின்னாலிருந்து ஒரு தோழர் கேட்கிறார், "மாடியில உக்காந்து திங்கிற ஆளா நீ?" என்று. இல்லை அண்ணே, எனக்கும் அடுக்களையில்தான் சூப்பு.

இன்றைய கவிதைக்கும் இசைக்கும் இரவுதான் ராணி. இரவென்றால் நிலவாம், இரவென்றால் நிம்மதியாம், இரவென்றால் நிசப்தமாம். யாருடைய நிசப்தம்? யார் வாயை மூடியதால் வந்த நிசப்தம்?

போன வியாழன், வால்மேர் சீமாட்டியின் மாடிக்கூடம். கவிஞர் ஒருவர் எழுந்து, உலகமே உறங்குகிறது என்று உருகினார். நான் இராப்பாட்டைத் தொடங்கினேன். இடது கை அலையாய்ப் புரள, வலது கை ஒற்றைக் குரலாய் விம்ம, பாட்டு அடங்கும் நேரத்தில் கீழே ரொட்டிக்கடை நிலவறையிலிருந்து ஒரு முனகல். நம் ஒனேசிமின் முனகல். மாவைத் தூக்கி அடிக்கும்போதெல்லாம் முனகினால்தான் அடுத்த மூச்சு வரும். மாவு பிசைகிற உங்கள் எல்லோரையும் ஊரே 'முனகி' என்றுதானே அழைக்கிறது?

"கீழ என்ன, மாடு கன்னு போடுதா?" என்றார் சீமாட்டி. கூடம் சிரித்தது.

"மாவு பிசையறாங்கம்மா" என்றான் வேலையாள்.

"வாயை மூடிக்கிட்டுப் பிசையச் சொல்லு. இல்லேன்னா கடையைக் காலி பண்ணச் சொல்லு."

கட்டடம் அவருடையது. கடை முதலாளி பதறி ஓடினார்; சாக்கைக் கிழித்து ஒனேசிமின் வாயைக் கட்டினார். "முனகலேன்னா மூச்சு முட்டும் மொதலாளி" என்றிருக்கிறான் இவன். "முட்டட்டும், மாடிக்குக் கேக்காம முட்டட்டும்" என்றிருக்கிறார் அவர்.

மேலே கவிஞர் கண்ணை மூடி, "இப்போதுதான் இது இரவு" என்றார். கீழே ஒனேசிம் மூச்சுத் திணறி, மாவுத் தொட்டிக்குள்ளேயே சாய்ந்தான். மாவு கெட்டதாம். அதற்காக வேலையிலிருந்து நீக்கினார்கள். இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

இராப்பாட்டு அழகானதுதான், தோழர்களே. அதிலும் விம்மல் உண்டு, பெருமூச்சு உண்டு. ஆனால் பியானோ பெருமூச்சு விட்டால் கைக்குட்டையை எடுக்கிறார்கள். பிசைகிறவன் பெருமூச்சு விட்டால் கந்தையை எடுக்கிறார்கள். இதுவா ரசனை? இதுவா கவிதை?

ஒனேசிமுக்கு வேலை திரும்பக் கிடைக்கும்வரை இந்தத் தெருவில் ஒருவரும் நிலவறைக்குள் இறங்கக்கூடாது. சம்மதமா? தாய்மார்களின் கைதான் முதலில் உயர்கிறது. நல்லது.

இன்றிரவும் சீமாட்டி என்னை வரச் சொல்லியிருக்கிறார். நான் போகப்போவதில்லை. அவர் அமைதி கேட்டார், கொடுப்போம். அடுப்பு அணையட்டும், தொட்டி காயட்டும், பியானோவும் வாய் மூடட்டும். கேட்ட இரவை அவருக்கு முழுதாகவே கொடுப்போம். விடிந்ததும் அவருடைய சாப்பாட்டு மேசைமேல், ரொட்டி இருக்கவேண்டிய தட்டில், அதே நிசப்தம் உட்கார்ந்திருக்கட்டும்.

செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி. ஒனேசிம், இங்கே நீ உரக்கவே மூச்சு விடலாம். வணக்கம்.